பொன்மாரி வயிற்றுக் குடித்தனக்காரர்கள்

பொன்மாரியின் வயிற்றில் குடியிருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு வெளியே வந்து எங்கள் காம்பவுண்டுக் குழாயடியில் உட்கார்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் வருகிற முறை, வாரத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கிற தண்ணீர், அதனால் அவர்களை நின்று பார்க்க எங்களில் யாருக்கும் நேரமில்லை. சீரகம் அளவு இருந்தார்கள். சீரகத்தில் பாதி என்று கோமு அக்கா சொல்வாள், அவள் எதையும் பாதியாக்கித்தான் சொல்வாள். தலையில் மூட்டையும் இடுப்பில் குடமும் கையில் பிள்ளையுமாக மாரிச்செல்வி வீட்டுக் கதவிடுக்கு வழியே வரிசையாக வந்து, ஈரமில்லாத இடமாகப் பார்த்துக் குத்தவைத்தார்கள். "பாத்து, மிதிச்சிராதீக, யாரோ குடிவந்திருக்காக" என்று ஆவுடையப்பன் அண்ணாச்சி குரல் கொடுத்தார். நாங்கள் குடத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துத் தண்ணீர் பிடித்தோம், அவ்வளவுதான்.

என் வீடு குழாயடிக்கு எதிர்வீடு. பெயர் சொர்ணம், தையல்காரி. வாசலில் மெஷினைப் போட்டு உட்கார்ந்தேன் என்றால் காம்பவுண்டில் எவள் எவளோடு பேச்சில்லாமல் இருக்கிறாள் என்பது வரைக்கும் தன்னால் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்ய, கட்டினவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி கிடையாது, வீட்டுக்குள் போய்ச் சொல்ல ஆளில்லை. ஆகையால் உங்களிடம் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. காம்பவுண்டில் ஆறு வீடு, ஆறும் வாடகைக் குடித்தனம். கடைசி வீடு மாரிச்செல்வியுடையது. அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். விடிந்தும் விடியாமல் வேன் வந்து அள்ளிக்கொண்டு போனால் விளக்கு வைத்த பிறகுதான் கொண்டுவந்து இறக்கிவிடும். அவள் புருசன் பால்துரை போர்வெல் லாரியில் போனவன், தண்ணீரே இல்லாத வடக்கத்தி ஊர்களில் பூமியைத் துளைத்துக்கொண்டே போகிற லாரி அது, பொங்கலுக்கு ஒருதரம் வந்தால் உண்டு. ஆக, ரெண்டாம் வகுப்புப் படிக்கிற பொன்மாரிக்குத் தாயும் தகப்பனும் நாங்கள்தான். கோமு அக்கா வீட்டில் இட்லி, என் வீட்டில் பழையசோறும் ஊறுகாயும், அண்ணாச்சி வீட்டில் மோர்ச்சோறு, அடுத்த வீட்டில் நேற்று வைத்துச் சுண்டின குழம்பு என்று வீடு வீடாக வாயைத் திறந்துகொண்டு வரும், நாங்களும் சாப்பிடுகிற கையாலேயே ஒரு வாய் ஊட்டிவிட்டு அனுப்புவோம். அந்தப் பிள்ளைக்குத் தனியாக ஒரு தட்டு இருந்து நான் பார்த்ததில்லை.

அது வயிற்றில் எப்போதும் திங்கட்கிழமைச் சந்தை இரைச்சல். மெஷின் ஓடும்போதுகூடக் கேட்கும். பேசிக்கொண்டிருக்கும், சிரித்துக்கொண்டிருக்கும், யாரோ யாரையோ வைதுகொண்டிருக்கும். பொன்மாரியும் சும்மா இருக்காது, குனிந்து வயிற்றைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க, இந்தா வருதுல்லா" என்று சொல்லிவிட்டுத்தான் சோற்றை விழுங்கும். "யாருகிட்டட்டி பேசுத?" என்றால், "உள்ள ஆளு இருக்காக அத்தை, எல்லாருக்கும் பசிக்காம்" என்னும். அது ஒற்றைப் பிள்ளை, விளையாட ஆளில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டேன்.

அப்படி இருந்த பிள்ளைதான் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள ஆரம்பித்தது. தின்றால் வலி, தின்னாவிட்டால் அதைவிட வலி, முகமெல்லாம் வெளிறி, கண்ணுக்குக் கீழே ரத்தமே இல்லை. ஒருநாள் வாந்தியில் காப்பித்தூள் மாதிரிக் கரித்துப்போய் வந்ததும் மாரிச்செல்வி பயந்து போனாள். நானும் கூடப் போனேன். குழந்தை டாக்டரம்மா நல்ல மனுசி, சோதித்துப் பார்த்து, இரைப்பையில் ஒரு கிருமி துளை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, விட்டால் புண் பெரிதாகும், மருந்து கொடுத்தே ஆகவேண்டும் என்றார். ரெண்டு வாரத்துக்கு மருந்து, காலையும் ராத்திரியும், ஒருவேளைகூடத் தப்பக்கூடாது. அதற்கு மேலும் என்னமோ சொன்னார், ஆனால் பக்கத்தில் ஊசி போட்ட பிள்ளை ஒன்று ஊரைக் கூட்டி அழுததில் எங்கள் காதில் விழுந்தது, "கொதிக்க வச்ச தண்ணி, கை கழுவணும், சுத்தமா இருக்கணும்" என்கிறது மட்டும்தான். மாரிச்செல்வி ஒருவேளை தப்பாமல் கொடுத்தாள். வலி போன இடம் தெரியவில்லை. மருந்து முடிந்த மறுநாள்தான் நான் சொன்ன செவ்வாய்க்கிழமை.

தண்ணீர் நின்றபிறகுதான் அவர்களிடம் விசாரிக்க முடிந்தது. அண்ணாச்சி முன்சீப் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வுபெற்றவர், விசாரணை என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். துண்டை விரித்துக் குப்புறப் படுத்துக் காதைத் தரையில் வைத்துக் கேட்டு, எங்களுக்கு எடுத்துச் சொன்னார். அவர்கள் கீழ்த்தெருக்காரர்களாம், குடலில் குடியிருப்பு. மேல்வீட்டில் ஒருத்தன் இருந்தானாம், திருகாணி மாதிரி உடம்புக்காரன், எந்நேரமும் சுவரைத் துளைத்துக்கொண்டிருப்பானாம், இவர்களுக்கும் அவனுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாதாம். "அந்த ஒருத்தனைத் தேடி வந்தாக, ஆனா தெருத் தெருவா அடிச்சாக. அவனும் செத்தான், எங்க ஆளுகளும் பாதிக்கு மேல போயிட்டாக. இருக்கவுக உசிரைக் கையில பிடிச்சிட்டு வந்துட்டோம்" என்று அவர்களில் ஒருத்தன் சொல்ல, மற்றவர்கள் அழுதார்களாம். கோமு அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வாடகைக்காரர்களுக்குத்தானே தெரியும் வீட்டைக் காலி பண்ணுகிற வேதனை, எங்களில் ஒருத்தர்கூடப் பானை சட்டியைத் தெருவில் வைத்துப் பார்க்காதவர் இல்லை.

ஆகவே அவர்களை அப்படியே விட மனசு வரவில்லை. யாருக்கு எந்த இடம் ஒத்துவரும் என்று அவர்களையே கேட்டு, ஆளுக்குக் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனோம். மோர்க்காரர்கள் அண்ணாச்சி வீட்டு உறைமோர்ச் சட்டிக்குப் போனார்கள், புளிப்புக்காரர்கள் கோமு அக்கா வீட்டு மாவு வாளிக்கு, பழையசோற்றுக்காரர்கள் என் வீட்டுப் பானைக்கு, உப்புக்குப் பழகினவர்கள் என் ஊறுகாய் ஜாடிக்கு. ரெண்டு நாளைக்கு மூலையில் மூட்டையை அணைத்தபடி ஒடுங்கிக் கிடந்தார்கள், மூன்றாம் நாள் வேலையைத் தொடங்கினார்கள். அதற்கப்புறம் நடந்ததை என்னென்று சொல்ல. அண்ணாச்சி வீட்டுத் தயிர் கத்தி வைத்து வெட்டுகிற மாதிரி உறைந்தது. கோமு அக்கா மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பி வழிந்தது. என் பழையசோற்று நீராகாரத்தைக் கேட்டு மேலத்தெருவிலிருந்து ஆள் வந்தது. யார் வீட்டில் இருக்கிறவர்கள் நல்ல உழைப்பாளிகள் என்று எங்களுக்குள் சண்டையே வந்தது. "எங்க வீட்டு ஆளுக" என்றே பேச ஆரம்பித்தோம். இன்னார் வயிற்றிலிருந்து வந்தவர்கள் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று.

பொன்மாரி வீட்டிலோ எதுவும் மாறுகிற பேச்சே இல்லை. ஊற்றி வைத்த பால் பாலாகவே இருந்தது, கரைத்து வைத்த மாவு கரைத்தபடியே கிடந்தது, நாலு நாள் சோறு ஊசிப்போகக்கூட இல்லை. பிள்ளை வயிற்றில் காதை வைத்தால் ஆளொழிந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். வலிதான் இல்லையே என்று எல்லாரும் சந்தோசப்பட்டோம். சந்தோசப்பட்டதோடு நின்றோமா என்றால் அதுதான் இல்லை.

மாலை போட்ட சாமிகளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய் வைப்போமில்லையா. எச்சில் கை படாது, தீட்டுக் காற்றுப் படாது, வயசில் சின்னவனாக இருந்தாலும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணாச்சி யோசித்துப் பார்த்து, "வயித்தைக் கழுவிச் சுத்தமா வச்சிருக்கு. மாலை போட்ட மாதிரித்தான இது? நம்ம கை அதுல படலாமா?" என்று ஒரு கேள்வி போட்டார். எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது. அன்றிலிருந்து பொன்மாரி விரதக்காரி. புதுத் தட்டு, புதுத் தம்ளர், கொதித்து ஆறின தண்ணீர். வாயைத் திறந்துகொண்டு எந்த வீட்டு வாசலுக்கு வந்தாலும், "தொட்டுராதீக சாமி, அங்கன இருங்க" என்று எட்டி நின்று, தட்டில் படாமல் உயரத்திலிருந்து போட்டோம். காம்பவுண்டுப் பிள்ளைகளைக் கூட ஆடவிடவில்லை, அதுகள் மண்ணில் புரள்கிறவை. அத்தனையும் பிரியத்தில் செய்ததுதான், ஒருத்தருக்கும் ஒரு கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளை புதுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தது.

முதலில் கேட்டுப் பார்த்தது. "ஏன் அத்தை எனக்கு ஊட்ட மாட்டேங்க?" என்றது. விரதம் என்றேன். "யாரு இருக்கா?" என்றது. நீதான் என்றேன். "நான் இருக்கலியே" என்று சொல்லிவிட்டு அப்படியே எழுந்து போனது. பிறகு கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துக்கொண்டே இருக்கும், இறங்காது. மாரிச்செல்வி ராத்திரி வந்து கையைப் பிடித்து அழாத குறையாகக் கேட்டபோதுதான் சொன்னது. "சாப்பிட்டா உள்ள வாங்குறதுக்கு யாருமில்லம்மா. சோறு போயிச் சும்மா நிக்கி." அதைக் கேட்டுவிட்டு மாரிச்செல்வி என் வாசலில் வந்து உட்கார்ந்து, "வலியோட இருந்தப்ப பேச்சும் சிரிப்புமா இருந்தா மைனி. இப்ப வலியும் இல்ல, அவளும் இல்ல" என்றாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டால்கூட அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லையாம், சும்மா தலையை ஆட்டுமாம். பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது, நானே ரெண்டுதரம் பிடித்துத் தைத்தேன். மூன்றாம்தரம் பிடிக்கத் துணியில்லை, அந்த அளவுக்கு இளைத்துவிட்டது.

இனிப் பொறுக்க முடியாது என்று மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனோம். போகும்போது நான் ஒரு வேலை செய்தேன், என் வீட்டு ஆளுகளில் நாலு பேரைச் சம்மதிக்க வைத்து, ஒரு சின்னத் தூக்குச்சட்டியில் கொஞ்சம் நீராகாரத்தோடு ஏற்றிக்கொண்டேன். டாக்டரம்மா பிள்ளையைச் சோதித்தார், எடை பார்த்தார், தூக்குச்சட்டியைத் திறந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். "இவங்கதான். நல்லவங்கதான். இவங்க ஏன் இன்னும் வெளிய இருக்காங்க?" என்றார். தனித் தட்டும் விரதமும் வைத்திருக்கிற விசயத்தைச் சொன்னோம். "அன்னைக்கே சொன்னேனேம்மா. மேல இருந்தவனை விட்டுவச்சா பிள்ளைக்குப் புண்ணாயிரும், அதனால மருந்து குடுத்தோம். மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது, நல்லவங்களும் கொஞ்சம் போவாங்க. பெரும்பாலும் தானா திரும்பி வருவாங்க, நாளாகும், ஒண்ணு ரெண்டு பேரு வராமலும் போகலாம். எல்லாரோடயும் கலந்து சாப்பிடட்டும், மண்ணுல விளையாடட்டும், கையை மட்டும் கழுவுனாப் போதும்னு சொன்னேன்ல?" ஊசி போட்ட பிள்ளையின் அழுகையில் நாங்கள் தொலைத்த பாதி அதுதான். மாரிச்செல்வி பொன்மாரியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏழு வயசுப் பிள்ளை, இடுப்பில் கனக்கவே இல்லை என்று பஸ்ஸில் வரும்போது சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் காம்பவுண்டைக் கூட்டி வைத்து நான் கத்தின கத்து மேலத்தெரு வரைக்கும் கேட்டது. பிறகு அண்ணாச்சியே துண்டை விரித்து, எங்கள் வீடுகளில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். ஏன் திரும்பிப் போகவில்லை என்றதற்கு, அவர்களுக்கு ஆசைதானாம், ராத்திரியெல்லாம் அந்தப் பேச்சுத்தானாம், பொன்மாரி தும்மினால்கூட எந்த வீட்டிலிருந்தாலும் அவர்களுக்குத் தெரியுமாம். "ஆனா அடிச்சு விரட்டின வீடு. எந்தக் கை மருந்து குடுத்துச்சோ அந்தக் கை வந்து கூப்பிடணும். கூப்பிடாம எப்படி வர?" என்றார்களாம். அதில் தப்பு சொல்ல முடியுமா, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கூப்பிடுகிறது என்றால் எப்படி என்று யோசித்தபோது, மடிப்பிச்சைதான் முறை என்று எல்லாரும் ஒருவாயாகச் சொன்னோம். பிள்ளைக்கு நோய் என்றால் தாய் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வீடு வீடாய் மடியேந்திப் போவாள், எந்த வீட்டிலும் இல்லை என்று சொல்லக்கூடாது, சொன்னால் அந்த வீட்டுக்கு ஆகாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவரவர் வீட்டு ஆளுகள் இருக்கிற மோரும் சோறும் மாவும் ஊறுகாயும் அவள் மடிக்கு வரவேண்டியது, அதைப் பிள்ளைக்கு ஊட்டவேண்டியது. பேசி முடித்துவிட்டு எழுந்திருக்கும்போதுதான் அதில் இருக்கிற சிக்கல் தெரிந்தது. மடிப்பிச்சைக்குச் செவ்வாயோ வெள்ளியோதான் ஆகும். அந்த ரெண்டு நாளும் மாரிச்செல்விக்கு வேலை நாள், சீசன் நேரம், ஆஸ்பத்திரிக்குப் போக எடுத்த லீவுக்கே வைதிருந்தார்கள், இன்னொரு லீவு கேட்டால் மறுநாள் அவள் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்து வருகிறபோது விளக்கு வைத்திருப்பார்கள். விளக்கு வைத்த பிறகு மோரோ தயிரோ சோறோ உப்போ, வெள்ளையாக எதையும் வீட்டைவிட்டுக் கொடுத்தனுப்பக் கூடாது, லெட்சுமி கூடவே இறங்கிப் போய்விடுவாள். மடிப்பிச்சையை மறுத்தாலும் குற்றம், விளக்கு வைத்த வீட்டில் கொடுத்தாலும் குற்றம். அண்ணாச்சி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆளாளுக்கு ஒரு வழி சொன்னோம், ஒன்றும் சரிப்படவில்லை. சுத்தத்தில் எங்கள் எல்லாரையும்விடக் கெடுபிடியானவள் கோமு அக்கா, அவள்தான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே தலைநிமிராமல் சொன்னாள், "வெளக்கு வச்சாத்தான?"

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் காம்பவுண்டில் யாரும் விளக்கு வைக்கவில்லை. சாமி விளக்கும் இல்லை, டியூப் லைட்டும் இல்லை, அண்ணாச்சி டிவியைக்கூட அணைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அந்தியில் விளக்கில்லாமல் இருந்தது எங்கள் ஆயுசில் அது ஒருதரம்தான். வெளியே தெருவெல்லாம் வெளிச்சம், எங்கள் ஆறு வீடு மட்டும் இருட்டு. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, யாரும் தவறிவிட்டார்களா என்று கேட்டார்கள். இல்லை, ஒரு ஆள் வரவேண்டியிருக்கிறது என்றோம். அவரவர் வாசலில் சட்டியையும் வாளியையும் வைத்துக்கொண்டு கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தோம். பொன்மாரி என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, ஏன் இருட்டாக இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

வேன் வந்து நின்றது. நாங்கள் செய்த ஒரு மடத்தனம், மாரிச்செல்விக்கு இதை முன்கூட்டிச் சொல்லாதது. இறங்கினவள் காம்பவுண்டு இருண்டு கிடப்பதைப் பார்த்தாள். வாசலில் எல்லாரும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பை கையிலிருந்து விழுந்தது, "எம்பிள்ள, எம்பிள்ள" என்றபடி செருப்பில்லாமல் ஓடிவந்தாள். நான் எழுந்து போய் அவளைக் கட்டிப் பிடித்து நிறுத்தி, "ஒண்ணுமில்ல தாயி, இந்தா இருக்கா பாரு, ஒனக்காகத்தான் வெளக்கு வைக்காம இருக்கோம், மடியை ஏந்து" என்றேன். அவளுக்கு விளங்க ஒரு நிமிசம் ஆனது. விளங்கினதும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

முகம் கழுவி, ஈரக் கையோடு, முந்தானையை விரித்து அதில் ஒரு ஏனத்தை வைத்துக்கொண்டு முதலில் அண்ணாச்சி வீட்டு வாசலில் வந்து நின்றாள். தீப்பெட்டி மருந்துவாடை அவள் மேல் அப்படியே இருந்தது. "தெரியாம செஞ்சிட்டேன். எம்பிள்ளைக்கு நோவு தீரணும்னு செஞ்சேன். ஒங்களை அடிக்கணும்னு செய்யல. வாங்க, அவ ஒங்க நெனைப்பாவே இருக்கா" என்று மோர்ச் சட்டியைப் பார்த்துச் சொன்னாள். அண்ணாச்சி உறைமோரை ஊற்றினார். சட்டி விளிம்பில் அவர்கள் மூட்டையோடு தயாராக நின்றிருந்தார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர் பின் ஒருத்தராக ஏனத்தில் இறங்கினார்கள். கோமு அக்கா ஒரு கரண்டி மாவு, நான் ஒரு கை பழையசோறும் ரெண்டு துண்டு ஊறுகாயும், அப்படியே அடுத்த வீடு, அடுத்த வீடு. வீட்டுக்கு வீடு அதே வார்த்தையைச் சொன்னாள், குரல் கம்மிப்போகிற வரைக்கும் சொன்னாள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, படிக்கட்டில் உட்கார்ந்து பிள்ளைக்கு ஊட்டினாள். ஒரு வாய் அவள் ஊட்டினாள், ஒரு வாய் நான் ஊட்டினேன், ஒரு வாய் கோமு அக்கா. விரதம் முடிந்தது என்று அண்ணாச்சி அறிவித்துவிட்டு அவரும் ஒரு வாய் ஊட்டினார். பிள்ளை முழுங்கி முழுங்கி, கையைக் கீழே ஊன்றிக்கொண்டு உள்ளே கவனித்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே எங்கேயோ ஒரு மூட்டையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது, பிறகு ஒரு குடம், பிறகு கதவு திறக்கிற சத்தம், பிறகு யாரோ யாரையோ வைகிற சத்தம். "வந்துட்டாக" என்றது பொன்மாரி. "வந்துட்டாகம்மா. வாங்கிட்டாக." ஆறு வீட்டிலும் விளக்கு வைத்தோம்.

இத்தோடு கதையை முடித்திருக்கலாம், ஆனால் பொன்மாரி முடிக்கவிடவில்லை. சாப்பிட்டது, தேறியது, மண்ணில் புரண்டது, பேசியது, எல்லாம் சரி, ஆனால் சாயங்காலமானால் வெளிக் கேட்டில் போய் நின்றுகொள்ளும். கேட்டதற்கு, "எல்லாரும் வந்துட்டாக. அப்பா ஆளுகளை மட்டும் காணோம் அத்தை" என்றது. பால்துரை ஊருக்கு வருகிறபோதெல்லாம் காராச்சேவைப் பாதி கடித்து மீதியைப் பிள்ளை வாயில் வைப்பான், எச்சிலையாடா கொடுக்கிற என்று நான் எத்தனையோ தடவை வைதிருக்கிறேன். அப்படி அவன் வாயிலிருந்து வந்து குடியேறினவர்கள் கொஞ்சம் பேர் இருந்திருக்கிறார்கள், பேச்சுக்கூட அவனை மாதிரியே இழுத்து இழுத்துப் பேசுவார்களாம், ராத்திரி தூக்கம் வராவிட்டால் பிள்ளை அவர்களோடுதான் பேசிக்கொண்டு கிடக்குமாம். அண்ணாச்சி வீடு வீடாக விசாரித்தார். எந்த வீட்டுக்கும் அவர்கள் குடிபோகவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையே, நாங்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோதே, வடக்கே தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிப்போகிற லாரி எது என்று விசாரித்து அதில் ஏறிப் போய்விட்டார்கள் என்று ஊறுகாய் ஜாடியிலிருந்து பிள்ளை வயிற்றுக்குப் போனவர்கள் சொன்னார்கள். ஒண்ணு ரெண்டு பேர் வராமலும் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்தான். சொன்னால் மட்டும் ஆகிவிடுமா. பொன்மாரி ஒவ்வொரு லாரியாகப் பார்த்துக்கொண்டு கேட்டில் நின்றது. "நான் கூப்பிட்டா வருவாகளா? எங்கன இருக்காகன்னு தெரியாமக் கூப்பிட முடியாதே" என்று என்னைக் கேட்டது. எனக்கு என்ன தெரியும், நான் ஓரம் அடிக்கிறவள்.

போன ஞாயிற்றுக்கிழமை பால்துரை போன் பண்ணினான். மாரிச்செல்வி துணி துவைத்துக்கொண்டிருந்தாள், கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டுக் குழாயடித் திண்டில் வைத்தாள், அதனால் காம்பவுண்டே கேட்டது. அங்கே எந்த ஊர் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை, பாறைதான் வருகிறதாம், தண்ணீர் வரவில்லையாம். பேச்சு முடிகிற நேரத்தில், "வேறொண்ணுமில்ல மாரி, கொஞ்ச நாளா வயித்துக்குள்ள ஒரே சத்தமா இருக்கு. வலியில்ல. யாரோ பேசிக்கிடுத மாதிரி. நம்ம ஊருப் பேச்சு" என்றான்.

பொன்மாரி ஓடிவந்து போனை எடுத்து, "அப்பா, போனை வயித்துல வையி" என்றது. அவன் ஏன் என்று கேட்கவில்லை, வைத்தான். பிள்ளை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ரெண்டுதரம் "ம்" என்றது, ஒருதரம் சிரித்தது. மாரிச்செல்வி, "கூப்பிடுட்டி, வரச் சொல்லுட்டி, பொங்கலுக்கு அப்பாகூட வந்துருவாக" என்று மெதுவாகச் சொன்னாள். பொன்மாரி கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தது. பிறகு, "அப்பா" என்று கூப்பிட்டது. "நீ அங்கன யாருகூட இருக்க?"

"லாரியில ஆளுக இருக்காகளே" என்றான் அவன். பிறகு, "நம்ம பேச்சு பேசுத ஆளு யாருமில்ல தாயி" என்றான்.

"அப்ப அவுக ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றது பொன்மாரி. "எனக்கு இங்க நெறைய பேரு இருக்காக."

கோமு அக்கா உள்ளே போய்விட்டாள், அவளுக்கு இதெல்லாம் தாங்காது.

"ராத்திரி சாப்பிடாமப் படுத்துருவியாமே, அவுக சொன்னாக" என்றது பிள்ளை. "இனி அப்படிப் படுக்காதப்பா. அவுக பசி தாங்க மாட்டாக."

"படுக்கல தாயி" என்றான் பால்துரை. "இன்னும் மத்தியானச் சோறு திங்கல. இந்தா, இப்பவே போயித் திங்குதேன்."